‘வேலை’ – ஒரு சொல், இரு பொருள்

தமிழில் அறிவியல் பயிலும் மாணவர்க்கு ஒரு வசதி உண்டு. அதே இடத்தில் ஓர் இடரும் உண்டு. பாடநூலில் வரும் கலைச்சொற்களுட் பல, நாம் தாய்மடியிலேயே கற்றுக்கொண்ட சொற்கள். விசை, ஆற்றல், திறன், நிறை, உப்பு, அலை என்பன நமக்குப் புதியன அல்ல. அதனால் பாடம் அயலாகத் தோன்றுவதில்லை. இது வசதி. ஆனால் வீட்டிலும் வீதியிலும் அச்சொற்களுக்குள்ள பொருள் வேறு. வகுப்பறையில் அவற்றுக்குள்ள பொருள் வேறு. சமையலறையில் உப்பு என்றால் ஒன்றுதான். வேதியியலிலோ அமிலமும் காரமும் கூடிப் பிறக்கும் பெருங்குடும்பத்துக்கே உப்பு என்று பெயர். வாயில் வைக்கக்கூடாத மயில்துத்தமும் அங்கே உப்புத்தான். இது இடர்.

இத்தகைய இருபொருட் சொற்களுள் ‘வேலை’ என்னும் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். இதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மயில்துத்தத்தை உப்பு என்று சொல்வதால் யார் மனமும் புண்படப் போவதில்லை. ஆனால் தலையில் சுமையேற்றிச் சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தவர், அச்சுமையின்மீது செய்த வேலை பூச்சியம் என்று கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அச்சிரிப்புக்குப் பின்னே ஒரு முணுமுணுப்பும் எழும். நம்மிற் பலர் சுமை தூக்கும் பெற்றோரின் பிள்ளைகள் அல்லவா? “அப்படியானால் எங்கள் அம்மா நாள் முழுதும் செய்தது வேலை இல்லையா?” என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான விடை கூறுவது அறிவியலின் கடமை.

வழக்கில் வேலை

முதலில் இச்சொல் நம் வழக்கில் எத்தனை வேடம் புனைகிறது என்று பார்ப்போம். “உங்களுக்கு எங்கே வேலை?” என்றால் அது உத்தியோகம். “கொல்லன் வேலை தெரியும்” என்றால் தொழில். “நகையில் நல்ல வேலை” என்றால் நுண்மையான கைத்திறன். வேலைப்பாடு என்பதும் அதுவே. “இது யார் செய்த வேலை?” என்று குரலை உயர்த்திக் கேட்டால் குறும்பு. “உனக்கு இங்கே என்ன வேலை?” என்றால் காரணம் அல்லது உரிமை. “மோட்டார் வேலை செய்யவில்லை” என்றால் இயக்கம். “அது வேலைக்கு ஆகாது” என்றால் பயன். வேலைநிறுத்தம், வேலைவாய்ப்பு, வேலைநாள் என்று கூட்டுச் சொற்களாகவும் அது பெருகியிருக்கிறது. பழைய நிகண்டுகளைப் புரட்டினால் வேலை என்பதற்குக் கடல், கடற்கரை என்ற பொருள்களும் காணப்படும். பொழுதைக் குறிக்கும் ‘வேளை’ வேறு எழுத்துடையது. அதனை இதனோடு குழப்பி விடைத்தாளில் எழுதுவோரும் உளர்!

இத்தனை பொருள்களுள் உழைப்பு, களைப்பு, கூலி ஆகிய மூன்றும் பெரும்பாலும் பின்னிக் கிடக்கின்றன. களைப்பில்லாத வேலையை “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று நாம் கேலி செய்கிறோம். அதாவது, வழக்கில் வேலையை அளக்கும் கோல் பெரும்பாலும் வியர்வை.

இயற்பியலில் வேலை

இயற்பியல் இக்கோலை ஏற்பதில்லை. ஒரு பொருளின்மீது ஒரு விசை செயற்பட்டு, அவ்விசையின் திசையில் அப்பொருள் நகர்ந்தால், விசையையும் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வரும் தொகையே வேலை. ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் நகர்த்தினால் அது ஒரு ஜூல். விசை ஒரு திசையிலும் நகர்ச்சி வேறு திசையிலும் இருந்தால், நகர்ச்சியில் விசையின் திசைக்குரிய கூறு மட்டுமே கணக்கில் சேரும். இரண்டும் செங்குத்தாக இருந்தால் கூறு எதுவுமில்லை, வேலை பூச்சியம். விசைக்கு நேர் எதிரே பொருள் நகர்ந்தால் வேலைக்குக் கழித்தற்குறியே வந்துவிடும். கிணற்றுக்குள் வாளியைக் கயிற்றால் மெல்ல இறக்குகிறோம். விசை மேல்நோக்கி, நகர்ச்சி கீழ்நோக்கி. ஆகவே அங்கே கயிறு வாளியின்மீது செய்யும் வேலை எதிர்மறை.

இங்கே ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. இயற்பியலில் ‘இவர் வேலை செய்தார்’ என்று மொட்டையாகச் சொல்வதில்லை. எந்த விசை, எந்தப் பொருளின்மீது, எவ்வளவு வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். வழக்கில் வேலை என்பது மனிதனைப் பற்றிய பேச்சு. இயற்பியலில் அது விசையையும் பொருளையும் பற்றிய பேச்சு. பாதிக் குழப்பம் இந்த வேறுபாட்டை உணர்ந்தாலே தீர்ந்துவிடும்.

நீர் இறைப்பில் பிறந்த அளவு

இந்த வரையறை ஏதோ நாற்காலியில் அமர்ந்தவர்கள் கற்பனையாகக் கட்டியது என்று எண்ணவேண்டாம். அது பிறந்ததே உழைக்கும் இடத்தில்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சுரங்கங்களில் ஊறிய நீரை நீராவி எந்திரங்கள் இறைத்தன. எந்திரம் நல்லதா என்று அறிய அவர்கள் ஒரு கணக்கு வைத்தனர்: குறித்த அளவு நிலக்கரியை எரித்தால் எத்தனை பவுண்டு நீர் ஓர் அடி உயரம் ஏறுகிறது? இதனை எந்திரத்தின் ‘கடமை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்தனர் என்பது சுவையான செய்தி. எடையை உயரத்தால் பெருக்கும் வழக்கம் இவ்வாறு பழகியது. ஜேம்ஸ் வாட் தம் எந்திரத்தை ஆலைக் குதிரைகளோடு ஒப்பிட்டு, நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவதை ஒரு குதிரைத்திறன் என்று வகுத்தார். இன்றைய கணக்கில் அது 746 வாட். நம் ஊர் விவசாயி “அஞ்சு குதிரை மோட்டார்” என்று கூறும்போது, வாட் கண்ட அந்த ஆலைக் குதிரைகள்தாம் இன்றும் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மின்னூட்டங்களின் விதியால் நாம் அறிந்த பிரெஞ்சு அறிஞர் கூலூம், மனித உழைப்பையும் ஆராய்ந்தவர். சுமையோடும் சுமையின்றியும் மாடிப்படி ஏறுவோர், சமதரையில் சுமப்போர், ஒற்றைச் சக்கர வண்டி தள்ளுவோர், மண் வெட்டுவோர் ஆகியோரின் ஒருநாள் உழைப்பை அவர் கணக்கிட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆய்வுரை எழுதினார். விளைந்த பயன் ஒன்று, அதற்காக உடல் பட்ட களைப்பு வேறொன்று என்று பிரித்துப் பார்த்ததே அதன் சிறப்பு. குறைந்த களைப்பில் மிகுந்த பயனைப் பெறுவது எப்படி என்பதே அவர் கேள்வி.

பின்னர் 1829-இல் கொரியோலிஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியறிஞர், எந்திரங்களைப் பற்றிய தம் நூலில், விசையையும் தொலைவையும் பெருக்கி வரும் தொகைக்கு உழைப்பு என்று பொருள்படும் ‘திரவாய்’ என்ற அன்றாடப் பிரெஞ்சுச் சொல்லையே பெயராக இட்டார். ஆகவே சொல் உழைப்பாளியிடமிருந்துதான் இயற்பியலுக்குக் கடனாகச் சென்றது.

நம் மாவட்டத்துக்கும் இந்தக் கணக்கு அந்நியமன்று. புதுக்கோட்டைச் சீமை ஏரிகளும் கண்மாய்களும் கிணறுகளும் நிறைந்தது. மின்மோட்டார் பரவுமுன் ஏற்றமும் கமலையும் நீர் இறைத்தன. 30 லிட்டர் நீர் கொண்ட ஒரு சாலை 5 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேற்றினால், எடை 300 நியூட்டன், உயரம் 5 மீட்டர்; நீரின்மீது செய்த வேலை 1,500 ஜூல். ஏற்றத்தின் துலாவில் நடந்தவர் கையால் நீரை இழுக்கவில்லை. தம் உடலையே படிப்படியாக மேலே ஏற்றி, அந்த எடையைத் துலாவின் மறுமுனையில் இறங்கவிட்டு, அதனால் சாலை உயர்த்தினார். கமலை மாடுகளோ சரிவில் கீழ்நோக்கி நடந்தன. அவற்றின் உடல் எடையும் சேர்ந்து இழுத்தது. இந்த அமைப்பைக் கண்டவர்கள் எந்தப் பாடநூலும் படித்தவர்கள் அல்லர். ஆனால் எங்கே எடை இறங்கினால் எங்கே நீர் ஏறும் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பிற மொழியார் செய்தது

அன்றாடச் சொல்லுக்கு அறிவியற் பொருள் ஏற்றியவர்கள் நாம் மட்டும் அல்லர். ஆசியாவில் நமக்கு நல்ல துணை ஜப்பானியர். அவர்கள் மொழியில் ‘ஷிகோதோ’ என்றால் வேலை. செய்தல் என்னும் வினையும் காரியம் என்னும் பெயரும் சேர்ந்து பிறந்த சொல் அது. ‘செய்காரியம்’ என்று பெயர்க்கலாம். ஒருவரை “என்ன உத்தியோகம்?” என்று கேட்பதும் இச்சொல்லால்தான், விசையையும் தொலைவையும் பெருக்கும் கணக்கும் இச்சொல்லால்தான். நாம் திறன் என்பதை அவர்கள் ‘ஷிகோதோ-ரிட்சு’, அதாவது வேலை வீதம், என்கிறார்கள். சொல்லைக் கேட்டவுடன் வரையறையே தெரிந்துவிடுகிறது! ஆனால் ஆற்றலுக்கு அவர்கள் உள்நாட்டுச் சொல் தேடவில்லை; ஜெர்மானியச் சொல்லை ‘எனெருகீ’ என்று தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். 1883-இல் டோக்கியோவில் இயற்பியலார் கூடிச் சொற்களை முடிவு செய்யக் குழு அமைத்து, 1888-இல் ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில் இயற்பியற் சொல் அகராதி ஒன்றை வெளியிட்டனர்.

சீனரோ அன்றாட வேலைக்கு ஒரு சொல்லும், இயற்பியல் வேலைக்குப் பயன், சாதனை என்னும் பொருள்தரும் ‘குங்’ என்ற வேறு சொல்லும் வைத்துக்கொண்டனர். தெலுங்கர் நம்மைப்போலவே அன்றாட வழக்கிலுள்ள ‘பனி’ என்னும் சொல்லையே ஏற்றனர். இந்தியில் ‘கார்ய’ என்ற வடசொல் நிற்கிறது. ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களிலும் வேலை வேலையே. ஆனால் நாம் ஆற்றல் என்பது அங்கே சக்தி. நாம் திறன் என்பது அங்கே வலு. ஒரே மொழியிலும் கடல் கடந்தால் சொல் மாறுகிறது. ‘வேலை’ மட்டும் மாறாமல் இருக்கிறது.

தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கும் முயற்சி நெடியது. 1916-இலேயே சேலத்தில் இராஜாஜி முதலியோர் இதற்கெனச் சங்கம் கண்டு இதழும் நடத்தினர். தனிச்சொல் புதிதாக ஆக்குவதா, வழக்குச் சொல்லையே கொள்வதா என்ற விவாதம் அன்று முதல் தொடர்ந்து வருகிறது. ‘வினை’ என்று வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். ஆனால் அச்சொல் ஏற்கெனவே நியூட்டனின் மூன்றாம் விதியிலும், வேதிவினையிலும், இலக்கணத்திலும், ஊழிலுமாக நான்கு இடங்களில் சிக்கியிருக்கிறது. ஆகவே வேலையே மேல்.

பூச்சியம் சொல்லும் செய்தி

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். 15 லிட்டர் குடத்தைத் தரையிலிருந்து தலைக்கு உயர்த்த, உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் என்றால், குடத்தின்மீது செய்யும் வேலை 225 ஜூல். இது நீரின் எடைக்கு மட்டும் உரிய கணக்கு. பிறகு சமதரையில் ஒரே சீராக ஒரு கிலோமீட்டர் நடந்தால், தலை குடத்தைத் தாங்கும் விசை மேல்நோக்கியது, நகர்ச்சியோ கிடைமட்டமானது. இரண்டும் செங்குத்து. ஆகவே அந்த விசை குடத்தின்மீது செய்த வேலை பூச்சியம்.

அப்படியானால் வியர்வை ஏன்? கழுத்தும் முதுகும் ஏன் வலிக்கின்றன? காரணம் நம் தசையின் அமைப்பில் இருக்கிறது. மரக்கட்டையோ கல்தூணோ ஒரு சுமையைத் தாங்க ஆற்றல் எதுவும் செலவிடுவதில்லை. தசை அப்படிப்பட்டதன்று. அதன் இழைகளிலுள்ள நுண்ணிய புரதக் கொக்கிகள் பற்றுவதும் விடுவதுமாக இடைவிடாது இயங்கினால்தான் இழுவிசை நிலைக்கும். ஒவ்வொரு பற்றலுக்கும் உணவிலிருந்து பெற்ற ஆற்றல் செலவாகிறது. மேலும் நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் உடல் சில சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. உயரும்போது செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதி தாழும்போது திரும்பக் கிடைப்பதில்லை, வெப்பமாகிப் போகிறது. அந்த வெப்பத்தைத்தான் வியர்வை வெளியேற்றுகிறது.

ஆகவே சுமந்தவரின் உடல் பெருமளவு ஆற்றலைச் செலவிட்டது உண்மை. அந்த ஆற்றல் சுமைக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. பூச்சியம் என்பது குடத்தின் கணக்கு. வியர்வை என்பது உடலின் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அறிவியலாகாது.

இந்தப் பூச்சியத்துக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதுவே இக்கட்டுரை சொல்ல வந்தது. கிடைமட்டமாக ஒரு சுமையைக் கொண்டு செல்ல இயற்கை நம்மிடம் கேட்கும் கட்டாய விலை ஏறத்தாழ ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் ஒருவர் களைக்கிறார் என்றால், அக்களைப்பு இயற்கையின் விதி அன்று. கருவி இல்லாமையின் விளைவு. அது தவிர்க்கக்கூடியது. பூச்சியம் என்ற விடை உழைப்பை இழித்துரைப்பதன்று; எந்தக் களைப்பை ஒழிக்க முடியும் என்று விரல் நீட்டிக் காட்டுவது.

சுமைதாங்கியும் சைக்கிளும்

நம் முன்னோர் இதனை அறிந்தே இருந்தனர். தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். நட்ட இரு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை அமைக்கும் வழக்கம் உண்டு. சுமைதாங்கியின் உயரத்தைக் கவனியுங்கள். சுமப்பவர் குனியாமலே சுமையை மாற்றி வைக்கும் உயரம் அது. 30 கிலோகிராம் சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் மீண்டும் ஒன்றரை மீட்டர் தூக்க 450 ஜூல் வேலை செய்தாக வேண்டும். தூக்கிவிட ஒரு துணையாளும் வேண்டும். சுமைதாங்கி அந்த 450 ஜூலையும் மிச்சப்படுத்துகிறது. தசைக்கும் ஓய்வு தருகிறது. தான் மட்டும் எந்த வேலையும் செய்யாமல், எந்த ஆற்றலும் செலவிடாமல் நிற்கிறது. ‘தாங்குவதற்கு வேலை தேவையில்லை’ என்ற இயற்பியல் உண்மையைக் கல்லில் எழுதி வைத்தது போன்றது அது.

அடுத்த எடுத்துக்காட்டு நம் மாவட்டத்துக்கே பெருமை தருவது. 1991-ஐ ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டனர். கல்குவாரித் தொழிலாளரும், விவசாயக் கூலிகளும், ஊர்ப்புறச் செவிலியரும், ஆசிரியைகளும் அவர்களுள் அடங்குவர். பத்திரிகையாளர் சாய்நாத் 1996-இல் வெளியான தம் நூலில் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பெண்ணின் விடுதலை, துணிவு, நடமாட்டம் என்ற கோணங்களில் இதனைப் பலரும் பேசியிருக்கின்றனர். இயற்பியல் மாணவரும் இதில் சேர்க்க ஒரு வரி உண்டு.

தண்ணீர்க் குடம் தலையிலோ இடுப்பிலோ இருக்கும்வரை அதனைத் தாங்குவது தசை. சைக்கிளின் பின்புறம் கட்டியதும் அதனைத் தாங்குவது சக்கரமும் சட்டமும். எஃகு களைப்பதில்லை. சமமான தார்ச்சாலையில் உருளும் சக்கரத்தின் தடை, சுமையின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். 30 கிலோகிராம் சுமைக்கு எடை 300 நியூட்டன். தடை 3 நியூட்டன் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 3,000 ஜூல் போதும். இயற்கை கேட்கும் விலை எவ்வளவு சிறியது என்பதைச் சைக்கிள் நேரே காட்டிவிட்டது. அதுவரை தாய்மாரின் கழுத்து செலுத்தி வந்தது, கேட்காத விலை.

தவிர்க்க முடியாத வேலை

ஆனால் உயர்த்துவது அப்படியன்று. 10 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் நீரை மேலே கொண்டுவர ஒரு லட்சம் ஜூல் வேண்டும். கப்பியைப் போடலாம், நெம்புகோலைப் போடலாம், பத்து மாடுகளைப் பூட்டலாம். அந்த ஒரு லட்சத்தில் ஒரு ஜூலும் குறையாது. எளிய எந்திரங்கள் விசையைக் குறைக்கும். அந்த அளவுக்குத் தொலைவைக் கூட்டிவிடும். பெருக்குத்தொகை மாறாது. இங்கே மனிதனுக்கு விடுதலை வேண்டுமானால் ஒரே வழி, அவ்வேலையை வேறோர் ஆற்றலிடம் ஒப்படைப்பதுதான்.

நல்ல உடல்வலிமையுள்ள ஒருவர் நாள் முழுதும் நிலையாகத் தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு அது 21,60,000 ஜூல். மின்கணக்கில் ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். ஆக, ஓர் ஆள் நாள் முழுதும் இறைத்த வேலை 0.6 யூனிட்! ஐந்து குதிரைத்திறன் மோட்டார் 3,730 வாட். ஏறத்தாழ 50 ஆட்களுக்கு இணை. உடல் உழைப்புக்கு உண்ட உணவின் ஆற்றலிலும் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கே வெளிவேலையாக மாறுகிறது, எஞ்சியது வெப்பம்.

இதனைக் கேட்டு, மனித உழைப்பின் மதிப்பே அரை யூனிட் மின்சாரந்தானா என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. மனிதன் விற்பது ஜூலை அன்று. எந்தப் பாத்தியில் மடையைத் திறப்பது, எந்தக் கல்லில் எந்த வரையில் உளியை வைப்பது, நாற்றை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்ற அறிவும் கவனமும் ஜூல்மானியில் பதியா. எருதைப்போல் உழைப்பதற்கு மனிதனை வைத்திருப்பது வீண் என்றே இக்கணக்கு கூறுகிறது. மனிதன் வீண் என்று அது கூறவில்லை.

கூலிக் கணக்கும் இயற்பியலும்

வழக்குப் பொருளுக்கும் அறிவியற் பொருளுக்கும் இடையே கூலி ஒரு பாலம்போல் நிற்கிறது. பொதுப்பணித் துறையில் மண்வேலைக்கு மதிப்பீடு போடுவோர் ‘லீடு’, ‘லிஃப்ட்’ என்று இரண்டு சொற்களை வழங்குவர். வெட்டிய மண்ணைக் கிடைமட்டமாக எவ்வளவு தொலைவு கொண்டு கொட்ட வேண்டும் என்பது லீடு. எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்பது லிஃப்ட். இரண்டும் கூடக்கூட விகிதமும் கூடும். இயற்பியல் லிஃப்டை மட்டுமே வேலை என்கிறது. மதிப்பீடோ லீடுக்கும் காசு தருகிறது. யார் சொல்வது சரி? இருவரும் சரியே. இயற்பியல் மண்ணின் கணக்கைச் சொல்கிறது. மதிப்பீடு மண் சுமப்பவரின் உடற்கணக்கைச் சொல்கிறது.

மண் வெட்டும் குழியின் நடுவே வெட்டாமல் ஒரு மண்திட்டை விட்டுவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளவெடுக்க வருபவருக்கு அத்திட்டின் உயரமே குழியின் ஆழத்துக்குச் சாட்சி. 2005-இல் இயற்றப்பட்டு மக்கள் நாவில் ‘நூறு நாள் வேலை’ என்றே வழங்கிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் மண்வேலை நடந்தபோதும், வெட்டிய கன அளவைக் கொண்டே கூலி கணக்கிடப்பட்டது. இறுகிய செம்புரைக் கல் தரையில் ஒரு கனமீட்டர் வெட்டுவதும், கண்மாய் வண்டலில் ஒரு கனமீட்டர் வெட்டுவதும் ஒன்றாகா. இதனால்தான் மண்ணின் தன்மைக்கேற்ப விகிதம் வேறுபட வேண்டியிருக்கிறது. எதை அளக்கிறோம், எதை அளக்காமல் விடுகிறோம் என்று தெரிந்திருப்பது அதிகாரிக்கும் தேவை. கூலி பெறுபவருக்கும் தேவை. ‘வேலை’ என்ற சொல்லின் இரு பொருளையும் பிரித்தறிந்தவர் அந்த அளவுக் குறிப்பேட்டின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கமாட்டார்.

மாணவர்க்குச் சில சொற்கள்

விடைத்தாளில் எழுதும்போது மூன்றை நினைவில் வைப்போம். ஒன்று, எந்த விசை செய்த வேலை என்று குறிப்பிடுக. இரண்டு, எந்தப் பொருளின்மீது என்று குறிப்பிடுக. மூன்று, ஆற்றல் செலவானது என்பதையும் வேலை நடந்தது என்பதையும் ஒன்றாகக் கொள்ளற்க. சுவரை ஒரு மணி நேரம் தள்ளியவரின் உடல் ஆற்றலைச் செலவிட்டது. சுவரின்மீது அவர் செய்த வேலை பூச்சியம். மூன்று மணி நேரம் தேர்வெழுதிய மாணவர் பேனாவால் செய்த வேலையோ மிகச் சிறிய அளவில் அடங்கிவிடும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாகாது என்று பேராசிரியப் பெருமக்களை இவ்விடத்தில் வேண்டிக்கொள்கிறோம்!

ஒரே சொல் இரு பொருள் தருவது தமிழின் குறை அன்று. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஜப்பானியத்திலும் தெலுங்கிலும் இதே நிலைதான். புரியாத அயற்சொல் ஒன்றை மனப்பாடம் செய்திருந்தால், “எங்கள் அம்மா செய்தது வேலை இல்லையா?” என்ற கேள்வி வகுப்பில் பிறந்தே இராது. கேள்வி பிறக்காத இடத்தில் அறிவியலும் பிறவாது. நம் சொல் நம் வீட்டிலிருந்து வந்தமையால்தான் வீட்டின் நியாயத்தை வகுப்பில் கேட்க முடிகிறது.

தூக்குவது இயற்கை கேட்கும் விலை. அதனைப் பம்புக்கும் மோட்டாருக்கும் மாற்றிக் கொடுப்போம். சுமப்பது இயற்கை கேட்காத விலை. அதனைச் சக்கரத்தின்மேல் இறக்கி வைப்போம். தலைச்சுமையோடு நடக்கும் ஒருவரைச் சாலையில் காணும்போது, ‘வேலை பூச்சியம்’ என்ற வரி நம் நினைவுக்கு வரட்டும். இந்தக் களைப்பு இருந்தே தீரவேண்டியதில்லை என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வரட்டும். அவ்வாறு வந்தால், நாம் படித்த இயற்பியல் வேலை செய்கிறது என்று பொருள்.